60 கிராம் துத்தநாகம்

காங்கேயம் பக்கம் வேலிக் கம்பி விற்கும் கடைகளில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எத்தனை கேஜ்ங்க வேணும்?"

"பன்னெண்டு போதுங்களா?"

"மாடு வந்து முதுகு தேய்க்குமுங்க. பத்தே எடுத்துக்குங்க."

பிறகு உயரம் எத்தனை அடி, கண் இரண்டு அங்குலமா மூன்று அங்குலமா, கிலோ என்ன விலை என்று பேச்சு நகரும். பேரம் முடிந்து சுருள்கள் டெம்போவில் ஏறும். அந்த வேலி எத்தனை மழைக்காலம் பார்க்கும் என்பதை முடிவு செய்கிற எண் ஒன்று உண்டு. அதை வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. கம்பியின் மேல் எவ்வளவு துத்தநாகம் ஒட்டியிருக்கிறது என்பதே அது. கம்பி கடைக்கு வருவதற்கு வெகு முன்பே அந்த எண் முடிவாகிவிடுகிறது. எங்கே, யார் கையில் என்று தெரிந்துகொள்ள, கம்பி வந்த வழியே திரும்பிப் போகலாம்.

சத்தீஸ்கரின் தெற்கு மூலையில், தந்தேவாடா மாவட்டத்தில் பைலடிலா மலைத்தொடர் இருக்கிறது. அதன் தாதுவில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் இரும்பு. அரசு நிறுவனமான என்.எம்.டி.சி. 1968-இல் இங்கே வெட்டத் தொடங்கியபோது அந்தத் தாதுவுக்குக் காத்திருந்தது ஜப்பான். அதற்காகவே கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து, கிரந்துலிலிருந்து கொத்தவலசைக்கு ரயில் பாதை போட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகளைக் கடந்து அது சமவெளிக்கு இறங்குகிறது. விசாகப்பட்டினத்திலிருந்து கண்ணாடிப் பெட்டியில் அரக்குப் பள்ளத்தாக்கு பார்க்கப் போகிறவர்கள் எல்லா அருவியையும் படம் எடுக்கிறார்கள். எதிர்த் தண்டவாளத்தில் செம்புழுதி படிந்து இறங்கும் சரக்கு ரயிலை யாரும் எடுப்பதில்லை. நம் ஊர் வேலியில் ஒரு பகுதி அதில்தான் வருகிறது.

விசாகப்பட்டினம் உருக்காலைக்குச் சொந்தமாக இரும்புச் சுரங்கம் கிடையாது. பைலடிலா தாதுவை விலை கொடுத்து வாங்குகிறது. 1966-இல் பல உயிர்களைப் பலிகொண்ட ஒரு போராட்டத்தால் ஆந்திரத்துக்குக் கிடைத்த ஆலை அது. நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 1992-இல். அதன் ஊதுலைகளுக்குக் கோதாவரி, கிருஷ்ணா, அன்னபூர்ணா என்று பெயர். அங்கே உருகிய இரும்பு எஃகாகி, சதுரக் கட்டையாக வார்க்கப்பட்டு, மறுபடி சூடேறி, உருளைகளுக்கு நடுவே நசுங்கி நசுங்கிக் கடைசியில் 5.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிச் சுருளாக வெளியே வருகிறது. தமிழ்நாட்டில் விற்கும் வேலிக் கம்பியெல்லாம் இந்த வழியில் வந்ததில்லை. பழைய இரும்பை மின் உலையில் உருக்கிச் செய்ததும் ஏராளம். வேலிக்கு அதனால் பெரிய குறை ஒன்றும் இல்லை. எஃகின் பூர்வீகம் வேலியின் ஆயுளை அவ்வளவாகத் தொடுவதில்லை.

ஆயுளைத் தருகிற பொருள் நாட்டின் மறுகோடியிலிருந்து வருகிறது. ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் உள்ள ராம்பூரா ஆகூச்சா, உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று. சித்தோர்கர் அருகே சந்தேரியாவில் உருக்காலை. இவை நேற்றைய கதை. அதே மாநிலத்தில், உதயப்பூருக்குத் தெற்கே ஜாவர் என்றொரு இடம் இருக்கிறது. அங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகத்தை ஆலைக் கணக்கில் காய்ச்சி எடுத்திருக்கிறார்கள்.

அது எளிய வேலை இல்லை. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்க வேண்டிய சூடோ அதற்கும் மேலே. ஆகவே உலையில் வைத்தால் உலோகம் கையில் கிடைக்காது, புகையாகப் போய்விடும். ஜாவர்க்காரர்கள் அந்தப் புகையைப் பிடிக்க வழி கண்டார்கள். கத்தரிக்காய் வடிவில் களிமண் குடுவை செய்து, தாதுவையும் கரியையும் திணித்து, குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் காம்புக் குழாய் கீழே உள்ள குளிர்ந்த அறையில் நீண்டிருக்கும்படி வைத்தார்கள். மேலே தீ; கீழே ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக உலோகம். ஓர் உலையில் 36 குடுவைகள். பயன்படுத்தி எறிந்த குடுவைகள் இன்றும் அங்கே மேடு மேடாகக் கிடக்கின்றன. அவற்றை அடுக்கிச் சுவர் எழுப்பியவர்களும் உண்டு. ஐரோப்பாவில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் இதே கீழ்நோக்கி வடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738-இல்தான்.

இரும்பைத் துத்தநாகத்தில் தோய்க்கும் முறைக்கு 1837-இல் பிரான்சில் சொரேல் என்ற பொறியாளர் காப்புரிமை வாங்கினார். அன்று முதல் இன்று வரை அடிப்படை மாறவில்லை. துத்தநாகம் இரும்புக்கு இரண்டு விதமாகக் காவல் நிற்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் அதன் மேல் மங்கிய சாம்பல் நிறத்தில் கெட்டியான ஒரு படலம் உருவாகி, மேற்கொண்டு அரிப்பைத் தடுக்கிறது. அந்தப் படலத்தில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கிற துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. பெயின்ட்டால் இந்த இரண்டாவது வேலையைச் செய்ய முடியாது. பெயின்ட்டில் ஓட்டை விழுந்தால் துரு உள்ளே புகுந்து, பெயின்ட்டுக்கு அடியிலேயே பரவும்.

இனி கம்பி இழுக்கும் ஆலை. 5.5 மில்லிமீட்டர் சுருள் முதலில் அமிலத்தில் குளித்து மேற்செதிலைக் கழற்றிக்கொள்கிறது. பிறகு 'டை' என்கிற அச்சுத் துளைகள் வழியாக இழுக்கப்படுகிறது. டையின் உள்வாய் டங்ஸ்டன் கார்பைடு. ஒவ்வொரு டைக்கும் முன்னால் ஒரு பெட்டியில் சோப்புத் தூள். கம்பி அந்தத் தூளுக்குள் புகுந்து, தூளை இழுத்துக்கொண்டே துளைக்குள் நுழைகிறது. ஒவ்வொரு துளையும் முந்தையதைவிடக் கொஞ்சம் சிறியது. 12 கேஜுக்கு, அதாவது 2.64 மில்லிமீட்டருக்கு வந்து சேரும்போது, ஒரு மீட்டர் கம்பி நாலே கால் மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். இழுத்த இழுப்பில் விறைத்துப்போன கம்பியை உலையில் சுட்டு இளக்குவார்கள்.

அடுத்தது துத்தநாகத் தொட்டி. நாம் தேடிவந்த இடம் இது. சுமார் 450 டிகிரியில் உருகிக் கண்ணாடி போல் மின்னும் உலோகக் குளம். பல இழைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடிவந்து, மறுபடி அமிலம், அதன்பின் உப்புக் கரைசல் என்று சுத்தமாகி, தொட்டிக்குள் முழுகி மறுபக்கம் எழுகின்றன. எழும்போது கம்பியின் மேல் திரவத் துத்தநாகம் தாராளமாக ஒட்டியிருக்கும். அதை அப்படியே விடுவதில்லை, துடைக்கிறார்கள். மெல்லிய பூச்சு போதும் என்றால், கம்பி தொட்டியை விட்டு வெளியேறும் இடத்திலேயே பட்டைகள் அதை இறுக்கிப் பிடித்து வழித்துவிடும். கனத்த பூச்சு வேண்டுமென்றால், கம்பியைச் செங்குத்தாக மேலே இழுத்து, எண்ணெயில் நனைந்த கரித்தூள் படுகை வழியாகவோ, நைட்ரஜன் வாயு வீச்சு வழியாகவோ இதமாகத் துடைப்பார்கள். வேகமாக இழுத்தால் அதிகம் ஒட்டும். மெதுவாக இழுத்தால் வழிந்து போகும். இந்தத் துடைப்பில்தான் உங்கள் வேலியின் வயது எழுதப்படுகிறது. துடைத்த துத்தநாகம் தொட்டிக்கே திரும்பிப் போவதால், அழுத்தித் துடைக்கும் ஆலைக்கு அது மிச்சம்.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு அங்குலக் கண், 12 கேஜ் கம்பி. ஒரு சதுர மீட்டர் வேலியில் ஏறத்தாழ 40 மீட்டர் கம்பி இருக்கும். எடை ஒன்றே முக்கால் கிலோ. அந்த 40 மீட்டர் கம்பியின் மேற்பரப்பை விரித்தால் ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பூச்சு சதுர மீட்டருக்கு 70 கிராம் என்றால் இந்த வேலித்துண்டில் உள்ள துத்தநாகம் 23 கிராம். தடிமன் 10 மைக்ரான். பூச்சு 250 கிராம் என்றால் துத்தநாகம் 83 கிராம். தடிமன் 35 மைக்ரான். வித்தியாசம் 60 கிராம். ஒன்றே முக்கால் கிலோ எடையில் 60 கிராம் யாருக்கும் கையில் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. இன்னும் மோசம், மெல்லிய பூச்சுக் கம்பிதான் பல நேரம் கூடுதலாகப் பளபளக்கும். மின்முலாம் பூசிய கம்பி வெள்ளி மாதிரி ஜொலிக்கும். அதன் பூச்சு சில மைக்ரான்தான். பளபளப்பைப் பார்த்து வேலி வாங்காதீர்கள்.

அந்த 60 கிராம் என்ன செய்யும்? காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு எத்தனை மைக்ரான் கரையும் என்பதை ஐ.எஸ்.ஓ. 9223 என்ற உலகத் தரநிலை ஊர்களின் தன்மைக்கேற்ப வகைப்படுத்தியிருக்கிறது. உப்பும் புகையும் இல்லாத வறண்ட உள்நாட்டில் ஆண்டுக்கு 0.7 மைக்ரானைத் தாண்டாது. உப்புக் காற்று நேராக அடிக்கும் கடலோரத்தில் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை. ஆக, 10 மைக்ரான் பூச்சு காங்கேயத்து மேட்டு நிலத்தில் 14 ஆண்டுக்குக் குறையாமல் தாக்குப்பிடிக்கலாம். அதே சுருளை வேதாரண்யத்து உப்பளக் காற்றில் நட்டால் இரண்டாவது வருடமே செம்பழுப்புக் கண்ணீர் வடியத் தொடங்கும். 35 மைக்ரான் என்றால் அங்கே நான்கிலிருந்து எட்டு வருடம். உள்நாட்டிலோ, நட்டவர் பேரன் காலம் வரை நிற்கக்கூடும். கொங்கு நாட்டு உறவினர் தோட்டத்தில் நன்றாக நிற்கிறது என்பதற்காக அதே கம்பியைக் கோடியக்கரைக்கு வாங்கிப் போகிறவர் ஏமாறுவதன் காரணம் இதுதான்.

தொட்டியிலிருந்து வந்த கம்பி, வலை பின்னும் பட்டறைக்குப் போகிறது. கம்பி வலையை இயந்திரத்தில் நெய்யும் யோசனை இங்கிலாந்தின் நார்விச் நகரத்து சார்லஸ் பர்னார்டுக்கு 1844-இல் வந்தது. துணி நெசவுக்குப் பெயர்போன ஊர் அது. தறியைப் பார்த்தே இயந்திரத்தை அமைத்தார். இன்று நம் பட்டறைகளில் ஓடும் செயின்லிங்க் இயந்திரம் எளிமையானது. திருகு வரி வெட்டிய குழாய்க்குள் ஒரு தட்டையான தகடு சுழலும். கம்பி அதன் மேல் சுற்றி, வளைவும் நெளிவுமாக வெளியே வரும். வரும்போதே, ஏற்கெனவே கிடக்கும் முந்தைய இழையின் வளைவுகளுக்குள் தானாகத் திருகி நுழைந்துவிடும். குறித்த நீளம் வந்ததும் வெட்டு, மேல் நுனியையும் கீழ் நுனியையும் பக்கத்து இழையோடு சேர்த்து மடக்கு, அடுத்த இழை. வலை இப்படி ஓர் இழை, ஓர் இழையாக வளர்கிறது.

இந்தப் பின்னலில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. திருகி உள்ளே போன இழை, திருகினால் வெளியேயும் வரும். மரம் விழுந்தோ மாடு முட்டியோ வலையின் நடுவில் இரண்டு மூன்று இழை அறுந்தால், மொத்த வலையையும் மாற்ற வேண்டியதில்லை. மேலும் கீழும் மடக்கிய நுனிகளைக் கொறடால் நிமிர்த்தி, அறுந்த இழையைச் சுழற்றி உருவி எடுத்துவிட்டு, புது இழையைத் திருகி ஏற்றலாம். சுருள் வாங்கும்போதே தனி இழைகள் பத்துப் பன்னிரண்டு கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

கடைக்குத் திரும்புவோம். கேஜ் என்பது தலைகீழ்க் கணக்கு. எண் கூடினால் கம்பி மெலியும். 8 கேஜ் 4.06 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.25, 12 கேஜ் 2.64, 14 கேஜ் 2.03. 10 கேஜ் வேலி 12 கேஜ் வேலியைவிட ஒன்றரை மடங்கு எடை, எனவே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை. இதில்தான் சின்னத் திருட்டு நடக்கும். 12 என்று சொல்லி 13-ஐக் கொடுத்தால் விரலுக்குத் தெரியாது. வெர்னியர் வைத்தால் தெரியும். கிலோ கணக்கில் வாங்குகிறவருக்கு இதில் நஷ்டம் குறைவு. சதுர அடிக் கணக்கில் வாங்குகிறவர் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும். பச்சை பிளாஸ்டிக் பூசிய வலையில் வேறு விளையாட்டு. 4 மில்லிமீட்டர் என்பார்கள். பிளாஸ்டிக்கை உரித்தால் உள்ளே கம்பி இரண்டரைதான் இருக்கும். பிளாஸ்டிக்குக்கு அடியில் நல்ல துத்தநாகப் பூச்சு இருந்தால் கடலோரத்துக்கு அது சரியான தேர்வு. வெறும் கறுப்புக் கம்பிக்கு மேல் பச்சை உடுத்தியிருந்தால், வெயிலில் பிளாஸ்டிக் வெடித்த இடத்தில் ஈரம் புகுந்து உள்ளேயே அரிக்கும். வெளியே தெரியும்போது வேலை முடிந்திருக்கும்.

துத்தநாகத்தை எப்படிச் சோதிப்பது? ஆய்வகத்தில் பூச்சைக் கரைத்து எடை பார்ப்பார்கள். வீட்டிலோ தோட்டத்திலோ செய்ய ஒரு பழைய வழி உண்டு. தோட்டக்காரர்கள் வீட்டில் போர்டோ கலவைக்காக மயில்துத்தம் எப்படியும் இருக்கும். 100 மில்லி தண்ணீருக்கு 36 கிராம் என்ற கணக்கில் அதைக் கண்ணாடிக் குவளையில் கரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடை மாதிரிகளில் இருந்து ஒரு சாண் கம்பி வெட்டி, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, சரியாக ஒரு நிமிடம் முக்கி எடுத்து, தண்ணீரில் அலசி, துணியால் நன்றாகத் துடையுங்கள். கறுப்பாக ஏதாவது படிந்திருந்தால் துடைப்பில் போய்விடும். மறுபடி முக்குங்கள். துத்தநாகம் தீர்ந்து இரும்பு தொடப்படும் கணத்தில், துடைத்தாலும் போகாத செம்பு நிறம் பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும். வெட்டிய நுனியில் அது உடனே வரும். நுனியிலிருந்து ஓர் அங்குலத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பாருங்கள். முதல் முக்கலிலேயே சிவந்தது மட்டம். மூன்று நான்கு முக்கலுக்குத் தாங்கியது நல்ல சரக்கு. எத்தனை கிராம் என்று இது சொல்லாது. எந்தக் கடைச் சரக்கு மேல் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும். கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளைகள் எட்டாத இடத்தில் செய்யுங்கள், மயில்துத்தம் விஷம்.

வாங்கிய சுருளை நடும் நாள் வரை எப்படி வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. மழைக்கு நனைந்த சுருள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினால், காற்றுப் படாத ஈரத்தில் புதுத் துத்தநாகம் வெள்ளையாகப் பூத்துக் கரையும். சுருளை நிறுத்தி, காற்றோட்டமாக வையுங்கள்.

வேலிக் கால்களைப் பற்றி என் கட்சி தெளிவானது. கருங்கல் கால் கிடைக்கிற ஊரில் வேறெதையும் யோசிக்காதீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, கொங்குப் பக்கம் உளி வைத்துப் பிளந்த கல்கால்கள், தாங்கிய கம்பி பல முறை மாறிய பின்னும் நிற்கின்றன. சிமென்ட் கால் விலை குறைவு. ஆனால் உள்ளே இருக்கும் கம்பிக்கு மேல் சிமென்ட் மூடல் அரை அங்குலம்கூட இல்லாமல் வார்த்திருந்தால், கம்பி துருப்பிடித்து ஊதி, காலை நெடுக்குவாட்டில் பிளந்துவிடும். வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். கம்பி நிழலாடினால் அந்தக் கால் வேண்டாம். பத்தடிக்கு ஒரு கால், மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள், மூலைக்கால்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கால். வலையின் இழுவிசை முழுவதும் மூலையில்தான் வந்து விழும். முட்டுக்கால் இல்லாத மூலை உள்பக்கம் சாய, வலை தொட்டில் போலத் தொங்கும்.

வேலி வலை அறுந்து விழுவது அபூர்வம். கட்டு அறுந்தே விழுகிறது. வலையைக் காலோடும் குறுக்குக் கம்பியோடும் கட்டுவதற்கு, வேலை செய்ய வருகிறவர்கள் கான்கிரீட் வேலைக்குப் பயன்படும் கறுப்புக் கட்டுக்கம்பியையே கொண்டுவருவார்கள். கைக்கு இளக்கமாக இருக்கும், முறுக்கினால் நிற்கும். அதன் மேல் துத்தநாகம் ஒரு துளியும் கிடையாது. சிமென்ட்டுக்குள் புதைய வேண்டிய பொருள் அது. வெட்டவெளியில் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பொடிந்துபோகும். நல்ல வலை வாங்கியவர் கட்டுக்கம்பியில் மிச்சம் பிடித்தால் வேலி தரையில் கிடக்கும். கட்டுவதற்கும் துத்தநாகம் பூசிய கம்பியையே, அதாவது ஜி.ஐ. கம்பியையே கேளுங்கள். மிச்சமிருந்த செப்புக் கம்பியால் கட்டும் புத்திசாலித்தனமும் வேண்டாம். செம்பு தொட்ட இடத்தில் துத்தநாகம் இன்னும் வேகமாகக் கரையும்.

துத்தநாகம் பூசிய இரும்பு ஆங்கிளைக் காலாக நட்டு, வாசல் கதவையும் வெல்டிங் வைத்தவர்களுக்கு ஒரு சொல். வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகம் ஆவியாகிப் பறந்துவிடும். அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்த வெல்டருக்கு அன்றிரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். பட்டறைகளில் பால் குடிக்கச் சொல்வார்கள். அதைவிட, பூச்சை முதலில் தேய்த்தெடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், முகக்கவசத்தோடு வேலை செய்வது மேல். வெல்டிங் வைத்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகத்தூள் மிகுந்த பெயின்ட்டை இரண்டு கை பூச வேண்டும். கடைகளில் ஜிங்க் ரிச் என்று கேட்டால் கிடைக்கும். வழக்கமாக அடிக்கும் வெள்ளி நிற அலுமினியப் பெயின்ட் துருவை மறைக்கும்; நிறுத்தாது. புது ஜி.ஐ. மேல் நேராக எனாமல் பெயின்ட் அடிப்பதும் வீண். எனாமலின் எண்ணெயும் துத்தநாகமும் வினைபுரிந்து இடையில் சோப்பு போல ஒன்று உண்டாகி, சில மாதத்தில் பெயின்ட் தோல் தோலாக உரியும். அதற்கென்று உள்ள பிரைமரை முதலில் அடிக்க வேண்டும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும், கொறடு, ஜி.ஐ. கம்பித் துண்டுகள், ஜிங்க் பெயின்ட், ஒரு சின்ன பிரஷ் இவற்றோடு எல்லையைச் சுற்றி ஒரு நடை. பார்க்க வேண்டியது அடிப்பகுதியை. வலையின் கீழ் விளிம்பு மண்ணில் புதைந்திருந்தால், சருகு மூடியிருந்தால், உர மூட்டையோ சாணக் குவியலோ சாய்ந்திருந்தால், துரு அங்கேதான் தொடங்கும். வலை தரையிலிருந்து இரண்டு அங்குலம் எழும்பி நிற்க வேண்டும். கோவைக் கொடியும் முசுமுசுக்கையும் வேலியில் படர்வது அழகுதான். ஆனால் பனி ஈரத்தை மதியம் வரை பிடித்து வைக்கும். அழகு வேண்டுமா வேலி வேண்டுமா என்பது உங்கள் முடிவு. நான் கொடியை அறுத்துவிடுவேன். கடலோரத்துக்காரர்கள் இன்னொன்றும் செய்யலாம். மழை நேராகப் படும் பக்கம் உப்புக் கழுவப்பட்டுவிடும்; சுவரோரம், கூரையடி என்று மழை படாத பக்கத்தில் உப்பு அப்படியே தங்கி அரிக்கும். கோடையில் அவ்வப்போது நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

எல்லா நிலத்துக்கும் இரும்பு வேலி வேண்டும் என்றும் இல்லை. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கிளுவையை நெருக்கமாக நட்டு வளர்த்த உயிர்வேலி இன்றும் இருக்கிறது. அதற்குத் துரு ஏறாது. டெல்டாவில் ஒதியன் போத்தும் பூவரசம் போத்தும் நட்டு, அவை துளிர்த்த பின் அவற்றையே காலாகக் கொண்டு கம்பி கட்டுகிறவர்கள் உண்டு. உப்புக் காற்று அடிக்கும் ஊரில் நாலைந்து ஆண்டுக்கு ஒரு முறை வலை மாற்றுவதைவிட இது புத்திசாலித்தனம் என்பேன். அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் 1874-இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி இன்றும் மலிவு. மாடு, நாய், மயில் எல்லாவற்றின் தோலையும் அது கிழிக்கும் என்பதால் எனக்கு அதன் மேல் பிரியமில்லை. வலையின் தலைப்பில் ஒரு வரிசை போதும்.

கம்பி வேலியில் வீட்டு மின்சாரத்தை நேராக இணைக்கும் கொடுமையையும் சொல்லாமல் விட முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. பக்கத்தில் இரண்டு குட்டிகள் நின்றுகொண்டிருந்தன. பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்களும் வருடந்தோறும் சாகிறார்கள். அது குற்றம், சிறைத் தண்டனைக்கு உரியது.

துத்தநாகம் தீர்ந்த வேலி மெல்லச் சிவந்து, கடைசியில் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அங்கிருந்து மின் உலை. இரும்பு உருகும் சூட்டில், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் துத்தநாகம் ஆவியாகிப் புகைபோக்கியின் தூசிப் பையில் சேரும். அந்தத் தூசியிலிருந்து துத்தநாகத்தை மீட்டெடுக்கும் ஆலைகளும் உண்டு. இரும்பு மறுபடி கம்பியாகவோ கட்டட முறுக்குக் கம்பியாகவோ வெளியே வரும்.

புது வேலிக்குக் கடையேறுகிறவர்கள் ரசீதில் மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: கம்பியின் விட்டம் மில்லிமீட்டரில், கண்ணின் அளவு, துத்தநாகம் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம். செயின்லிங்க் வலைக்கு ஐ.எஸ். 2721 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அந்த எண்ணையும் கேளுங்கள். முதல் இரண்டைக் கடைக்காரர் உடனே எழுதிக் கொடுப்பார். மூன்றாவதைக் கேட்டால் ஆலைக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும்; போடட்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.